உங்கள் அம்மா தின்னாத நான்கு வாழைப்பழங்கள்

1

சரோஜா, பாலு, இது உங்கள் இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது முறுக்குத் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அம்மா வாழைப்பழம் திருடித் தின்ற கதையைப் புது மருமகனுக்குச் சொல்லிச் சிரித்தீர்கள். பாலு எழுந்து நின்று, முந்தானைக்குள் பழத்தை ஒளிப்பது போல நடித்துக்கூடக் காட்டினான். மருமகனுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவும் கூடவே சிரித்தாள். நான் மட்டும் அடுப்பங்கரைக்குப் போய், கழுவி வைத்த டம்ளர்களை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தேன். "அப்பாவுக்கு இன்னும் கோவம் தீரல" என்று சரோஜா சொன்னது என் காதில் விழுந்தது.

கோபம் இல்லை, பிள்ளைகளே. வெட்கம்.

அந்தக் கதையில் திருட்டே நடக்கவில்லை. உங்கள் அம்மா ஒரு பழம்கூடத் தின்னவில்லை. நடந்ததை அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பாலுவுக்குத் தமிழ் எழுத்து மெதுவாகத்தான் ஓடும், அக்கா படித்துக் காட்டட்டும். ஒரு பிரதி ஆத்தூரில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கும் போகிறது. ஏனென்றால் கடல் தாண்டி அங்கே வரைக்கும் அந்தக் கதையை எழுதி அனுப்பியவள் சரோஜாதான்.

2

எண்பத்து மூன்றில் அம்மாவின் சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்டன. மலைக்குக் கீழே ஒரு பெரிய டவுன் ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் இடம் கிடைத்தது. மெஷின்கள் சில. வரிசையில் காத்திருந்தவர்கள் பலர். திங்களும் வியாழனும் அவள் முறை.

அந்த நாட்களில் விடிவதற்குள் தானா ராத்தா பஸ் ஸ்டேஷனில் நிற்போம். அங்கிருந்து தாப்பா வரைக்கும் வளைவு வளைவாக இறங்கும் பாதை. அம்மா வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவாள். ஒரு தடவை வந்த கணக்கு மறு தடவை வராது. "ரோடு போட்டவனுக்கே தெரியாது போங்க" என்பாள். தாப்பாவில் இன்னொரு பஸ். பிறகு ஐந்து மணி நேரம் மெஷின். பிறகு அதே வளைவுகள், தலைகீழாக.

முதல் நாள் பதிவுக் கவுண்டரில் இருந்த கிராணி எங்கள் இருவருடைய அடையாள அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அம்மா இந்த மலையிலேயே பிறந்தவள், குடியுரிமை உள்ள நீல ஐசி. நான் கப்பலில் வந்தவன். விண்ணப்பம் போட்டுப் போட்டு, இன்னும் சிவப்பு ஐசி.

"இவங்க நீலம், நீங்க சிவப்பு. நீங்க இவங்களுக்கு யாரு?" என்றார்.

"புருஷன்."

அவருக்குத் திருப்தி வரவில்லை. அம்மா கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "கலியாணத்துக்கு முன்னாடி ஜாதகம்தாங்க பார்த்தாங்க. கலர் பார்க்கணும்னு யாரும் சொல்லலியே" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே அப்படிப் பேச அவளால்தான் முடியும்.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் கால்கள் மடிந்தன. பிடித்துத் தூக்கினால் துணி பொம்மை மாதிரி தொங்கினாள். வார்டில் லில்லி சிஸ்டர் இருந்தார். நம்மவர்தான். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டி எடுத்த காகிதத்தை அவர் என்னிடம் காட்டினார். மழுங்கலாக இருக்க வேண்டிய கோடு கூர்கூராக, வரிசையாகக் கூடாரம் அடித்த மாதிரி நின்றது.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறிடுச்சி அங்கிள். நமக்கு வேண்டாததை கிட்னி வெளிய தள்ளும். இவங்களுக்குத் தள்ள ஆள் இல்ல. ஏறிக்கிட்டே போனா ஹார்ட் சொல்லாம கொள்ளாம நின்னுடும்."

முதலில் இதயத்துக்குக் காவலாகக் கால்சியம் ஊசி, மெதுவாக. அடுத்து இன்சுலினும் சர்க்கரைத் தண்ணீரும்.

"எனக்குச் சக்கரை வியாதி இல்லியே தாயீ" என்றாள் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

"சக்கரைக்கு இல்ல ஆன்ட்டி. இன்சுலின் அந்தப் பொட்டாசியத்தைப் பிடிச்சி உடம்புக்குள்ளயே கொஞ்ச நேரம் ஒளிச்சி வைக்கும். அதுக்குள்ள மெஷின்ல போட்டு வெளிய எடுத்துடுவோம்."

பொட்டாசியம் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. தோட்டத்து உர ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவனுக்குத் தெரியாதா? மூட்டையில் சிவப்பு உப்பாக வருமே, பொட்டாஷ், அதன் சொந்தக்காரன்தானே என்று கேட்டேன். சிஸ்டர் ஆமாம் என்றார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"பாருங்க" என்றாள் அம்மா. "இத்தனை வருஷம் தேயிலைக்குக் கொட்டினோம். போதும்னு சொல்லி அது எம்மேல இறக்கி வெச்சிட்டுப் போயிடுச்சி."

3

அம்மாவின் இடது கையில் மெஷினுக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது. ஆகவே சமையல் என் கைக்கு வந்தது. நீங்கள் இருவரும் கோலாலம்பூரில் இருந்தீர்கள். சரோஜா கடிதத்தில் விசாரித்தாள். பாலு தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டு, "அப்பா, சமையல் பண்றது நீங்களா? அம்மா பாவம்லா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்த வாயில் சர்க்கரைதான் போட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் மலாயில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நான் அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். வாழைப்பழம், ஆரஞ்சு, இளநீர், தக்காளி கூடாது. உருளைக்கிழங்கு, கீரை, மற்ற காய்களைச் சின்னதாக நறுக்கு, ஊறவை, நிறையத் தண்ணீரில் வேகவை, வடிகட்டு. பிறகு சமை.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தவன். எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே செய்வேன். நறுக்கினேன், ஊறவைத்தேன், வேகவைத்தேன், வடிகட்டினேன்.

வடிகட்டிய தண்ணீரைக் கொட்டு என்று தாளில் போட்டிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது பாலு தலையில் அடித்துக்கொள்வான். பொறு. ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் கோடையில் ஒரு குடத்துக்கு அரை மைல் நடக்க வேண்டும். அரிசி கழுவிய தண்ணீர் மாட்டுக்கு, முகம் கழுவிய தண்ணீர் முருங்கைக்கு, காய் வெந்த தண்ணீர் ரசத்துக்கு. சின்ன வயதில் கீரை வெந்த தண்ணீரை நான் தெரியாமல் கவிழ்த்துவிட்டதற்கு எங்கள் அம்மா கரண்டியால் போட்ட தழும்பு முழங்கையில் இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வந்து சேர்ந்த இடமோ கூரையிலும் தண்ணீர், சுவரிலும் தண்ணீர், வருஷம் முழுக்க மூடுபனி. காயப்போட்ட வேட்டி மூன்று நாள் காயாத ஊர். இருந்தாலும் காய் வெந்த தண்ணீரைக் கொட்டப் போனால் என் முழங்கை வலித்தது.

இன்னொன்றும் உண்டு. நம் தோட்டத்து டிஸ்பென்சரி டிரஸ்ஸர் லயத்துக்கு லயம் வந்து சொன்னது நினைவிருக்கிறதா? கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துவிடும் என்பார். காலராவுக்கு அதுதான், வயிற்றுப்போக்குக்கு அதுதான். காயை நிறையத் தண்ணீரில் கொதிக்கவைக்கச் சொல்வது பொட்டாசியத்தைக் கொல்வதற்காகத்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். செத்த பிறகு அது எந்தத் தண்ணீரில் கிடந்தால் என்ன?

அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர். அந்த அளவில் ஒரு டம்ளரை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக ரசம் கேட்பாள். தக்காளி போடாமல், மிளகு சீரகம் தட்டிப் போட்டு, காய் வெந்த தண்ணீரை நன்றாகச் சுண்டவைத்து நான் கொடுப்பேன். சத்தெல்லாம் அதில்தானே இருக்கிறது என்ற நினைப்பு. "சமையலுக்கு நீங்க லேட்டா வந்தாலும் ரசத்துல மட்டும் ஆளு ஜெயிச்சிட்டீங்க" என்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே இன்னும் கொஞ்சம் சுண்டவைத்தேன்.

4

ரத்தத்தின் பொட்டாசியக் கணக்கில் ஐந்தரைக்கு மேல் போகக் கூடாத எண் ஆறாயிற்று. பிறகு ஆறரை. எக்ஸ்ட்ராவாக ஒரு பவுடர் கொடுத்தார்கள், தினம் மூன்று வேளை. குடலில் இருக்கும் பொட்டாசியத்தைப் பிடித்து வெளியே கொண்டுபோகுமாம். தண்ணீரில் கரையாது. வாயில் போட்டால் ஆற்று மணல். "இதைத் தின்னுத் தின்னு எம்வயித்துல ஒரு வீடே கட்டிடலாம். சிமெண்டு மட்டும் வாங்கிட்டு வாங்க" என்பாள். வயிறு கட்டிக்கொண்டு அவள் பட்ட பாட்டை இங்கே எழுத முடியாது.

எண் இறங்கவில்லை. சிஸ்டர் கேட்டார்: "ஆன்ட்டி, உண்மையைச் சொல்லுங்க. ஒளிச்சி வெச்சி என்ன சாப்பிடறீங்க?"

"ஒண்ணும் இல்ல தாயீ. இவரு குடுக்கறதைத்தான்."

இவர் கொடுப்பது தாளில் உள்ளபடி. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆகவே சந்தேகம் முழுவதும் அவள் மேல் போயிற்று. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைக்கும் வாழைப்பழத்தின் காம்பில் பென்சிலால் அடையாளம் போட்டேன். மெத்தைக்குக் கீழே தோல் இருக்கிறதா என்று பார்த்தேன். தாப்பாவில் பஸ் மாறும்போது பழக்கடை தெரியாத பக்கமாக அவளை உட்காரவைத்தேன். ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவுடன், "பாக்கியம், வாயை ஊது" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"கலியாணம் ஆன புதுசுல கள்ளுக்கடையில இருந்து வர்றப்ப உங்களை நான் ஊதச் சொன்னேன். அதுக்கு இவ்வளவு வருஷம் கழிச்சிப் பழி வாங்கறீங்களா?"

"ஊது."

ஊதினாள். மிளகு வாசம்தான் வந்தது. என் ரசத்தின் வாசம். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை.

சாமிக்கு வைத்த பழங்கள் காம்பில் பென்சில் கோட்டோடு அப்படியே கறுத்துப்போயின. கெட்டிக்காரி, வேறு எங்கோ தின்கிறாள் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம்தான் உங்கள் இருவருக்கும் அம்மாவைக் கண்டிக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். நீங்களும் நன்றாகவே கண்டித்தீர்கள். சரோஜாவின் இரண்டு பக்கக் கடிதத்தை அம்மா என்னையே வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். கேட்டுவிட்டு, "எழுத்து அழகா இருக்கு" என்றாள்.

5

எண் ஏழைத் தொட்ட அன்று டாக்டர் வந்தார். கோபக்காரர் இல்லை. தாழ்ந்த குரலில்தான் பேசினார். சொன்னதைக் கேட்காதவர்களை எத்தனை முறை மெஷின் காப்பாற்ற முடியும், வெளியே வரிசை நிற்கிறது, வருஷக் கடைசியில் யார் யாருக்கு இடம் தொடரும் என்று பைலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம் என்றார். எங்களுக்கு அந்த இடம் போனால் உயிர் போனது மாதிரிதான்.

அவர் நகர்ந்ததும் சிஸ்டர் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, இல்ல இல்லன்னு சொன்னீங்கன்னா பொய் சொல்றாங்கன்னு எழுதுவாங்க. சாப்பிட்டேன், இனிமே மாட்டேன்னு சொன்னீங்கன்னா, புத்தி சொன்னோம், கேட்டுக்கிட்டாங்கன்னு எழுதுவாங்க. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம்."

அம்மா கொஞ்ச நேரம் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, "சரி. தின்னேன்" என்றாள்.

"என்ன?"

"வாழைப்பழம்."

"எத்தனை?"

"ஒண்ணு."

சிஸ்டர் தலையை ஆட்டினார். "ஒண்ணுக்கு ஏழு வராது ஆன்ட்டி."

"அப்ப ரெண்டு."

"ரெண்டுக்கும் வராது."

"நீயே ஒரு கணக்கு சொல்லும்மா. நான் படிக்காதவ."

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேனா மட்டும் நிற்கவில்லை. மூன்றுக்கு அம்மா ஒத்துக்கொண்டாள். சிஸ்டர் யோசித்தார். "நாலுன்னு வெச்சிக்க, கேக்கறவங்க நம்பற மாதிரி இருக்கட்டும்" என்று அம்மாவே ஏற்றிவிட்டாள். சந்தையில்கூட இவ்வளவு சுலபமாக அவள் பேரம் முடித்து நான் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்ற நான் என்ன செய்தேன் தெரியுமா? "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்" என்றேன்.

பஸ்ஸில் ஏறி ஊர் சேரும் வரை அவள் வளைவுகளை எண்ணவில்லை.

6

அடுத்த வாரம் மேட்டுப் பக்கத்துத் தேயிலைக்கு உரம், தோட்டத்துப் பேச்சில் பாஜா, போட்டோம். காலையில் வெயில் இருந்தது. நான் ஸ்டோரிலிருந்து மூட்டைகளை லோரியில் ஏற்றிவிட்டு, கூடவே போய் நின்றேன். கடைசி வாளி முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சின்ன மழை இல்லை. கால்வாயில் தண்ணீர் செந்நிறமாக ஓடியது.

சின்னத் துரை மோட்டாரில் வந்து இறங்கினார். நம் பையன்தான், படித்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்தவர். கால்வாயைப் பார்த்ததும் தலையில் கையை வைத்தார்.

"என்ன கங்காணி இது?"

"மழை அடிச்சிடுச்சிங்க துரை. உரமெல்லாம் செத்துப் போச்சி" என்றார் கங்காணி.

"செத்துப் போச்சா? உரம் எப்படிய்யா சாகும்? அது என்ன கோழியா? பொட்டாஷ் தண்ணியில கரைஞ்சி ஓடுது. கீழ முட்டைகோஸ் போட்டிருக்கவனுக்கு இன்னிக்குத் தீபாவளி. நம்ம செலவுல அவனுக்குப் பாஜா!"

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். நான் கால்வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். கரைந்து ஓடுகிறது. சாகவில்லை. தண்ணீரில் இருக்கிறது.

"துரை," என்றேன், "இந்தத் தண்ணியைக் கொதிக்க வெச்சா?"

"எதுக்கு?"

"பொட்டாஷ் செத்துடுமான்னு."

சின்னத் துரை என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கொதிச்சா தண்ணிதானய்யா ஆவியாப் போகும்? சுண்டச் சுண்டப் பொட்டாஷ் இன்னும் கெட்டியாகும். நீ எத்தனை வருஷமா ஸ்டோர்ல இருக்கே?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை. அந்த வயதில் அந்தச் சரிவில் நான் ஓடியதைப் பார்த்துக் கொழுந்து எடுக்கிற பெண்கள் கூவியது மட்டும் கேட்டது.

7

வீட்டுக்குள் நுழையும்போது அம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் வைத்துவிட்டுப் போன ரசத்தைச் சூடாக்கி, டம்ளரை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நான் பிடுங்கினேன். பாதி அவள் சேலையில் கொட்டியது.

"என்னங்க! பைத்தியமா?"

"பாக்கியம், இதுதான்."

"எது?"

"அந்த நாலு பழம்."

மழைத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தாளில் இருந்தது, நான் வடிகட்டியது, டிரஸ்ஸர் சொன்னது, கால்வாய், சுண்டவைத்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப ரெண்டு மாசமா எனக்குப் பாஜா போட்டு வளர்த்திருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"தேயிலைக்குக்கூட வருஷத்துக்கு நாலு தரம்தான் போடுவீங்க. எனக்குத் தினமும்."

"பாக்கியம், மன்னிச்சிடு."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இனிமே ரசமும் கிடையாதா?" என்றாள். அந்தக் கேள்விதான் பிள்ளைகளே, என்னை உட்காரவைத்துவிட்டது.

பிள்ளைகளுக்கு இன்றைக்கே எழுதிவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

"நான் பழம் திருடினேன்னா சிரிப்பாங்க. உங்க சாப்பாட்டால வந்துச்சுன்னா பயந்துடுவாங்க. அப்புறம் கோலாலம்பூர்ல அஞ்சாவது மாடியில என்னைக் கொண்டுபோய் வெச்சிடுவாங்க. எனக்கு அங்க யாரைத் தெரியும்? திருடியாவே இருந்துட்டுப் போறேன், விடுங்க."

"நீ செய்யாததுக்கு..."

"நாப்பது பழம் தின்னேன்னு எழுதியிருந்தாத்தான் அசிங்கம். நாலுதானே?"

8

அன்றிலிருந்து காய் வெந்த தண்ணீர் வெளியே போயிற்று. இரண்டு வாரத்தில் எண் ஐந்தரைக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஐந்து. பவுடரைக் குறைத்தார்கள். லில்லி சிஸ்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "பார்த்தீங்களா ஆன்ட்டி, வாழைப்பழத்தை விட்டதும் எப்படி இறங்கிடுச்சி!"

"ஆமா தாயீ. ஆசைதான் அழிவுக்கு வழி" என்றாள் அம்மா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. உங்களிடம் சொல்லக் கூடாது என்றாள், சரி. ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. தாளில் இல்லாததைச் செய்து ஏற்கெனவே ஒரு தடவை கெட்டவன்தான் நான், இருந்தாலும் இந்தத் தடவை துணிந்தேன். வருஷக் கடைசி வந்துகொண்டிருந்தது. அந்தப் பைலை எடுத்து வைத்துக்கொண்டுதான் அவளுக்கு மெஷின் உண்டா இல்லையா என்று பேசப் போகிறார்கள். அதில் பேராசைக்காரி என்று அவள் இருக்கக் கூடாது.

புதன்கிழமை, மெஷின் இல்லாத நாள், பிரிஞ்சாங்கில் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம், தாப்பாவுக்கு இறங்கும் பஸ்ஸில் ஏறினேன்.

வார்டு வாசலில் என்னைத் தனியாகப் பார்த்ததும் லில்லி சிஸ்டர் பதறிப்போனார். "ஆன்ட்டிக்கு என்னாச்சி?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. பைலுக்குத்தான் உடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, ரசத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதலில் அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "ரெண்டு மாசம் அந்தப் பவுடரைக் குடிச்சாங்களே அங்கிள்" என்றார். அலமாரியிலிருந்து பைலை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டர் வருவதற்கு நேரமாகும், நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், அவர் பார்க்கிற மாதிரி நானே வைத்துவிடுகிறேன் என்றார். தாளும் பேனாவும் கொடுத்தார். அதற்குள் உள்ளே ஏதோ ஒரு மெஷின் கூவியது. அவர் ஓடினார்.

மேசைக்கு முன்னால் நான் மட்டும் இருந்தேன். தமிழில் எழுதினேன். என் மனைவி பாக்கியம் வாழைப்பழம் தின்னவில்லை. காய் வெந்த தண்ணீரில் ரசம் வைத்துக் கொடுத்தது நான். அவள் சொன்னது பொய், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருவருக்கும் தெரியாமலே என்னைக் காப்பாற்றிய பொய். கடைசி வரியை யோசித்து அடித்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்கு அது தேவையில்லை. தமிழ் தெரியாதவர்களுக்காக அதற்குக் கீழே மலாயில் அதே சங்கதியை ஒரே வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சிஸ்டர் வரவில்லை. பைலைத் திறந்தேன். ஆங்கிலம் எனக்கு வராது. இருந்தாலும் நாலு என்ற எண்ணும் அதற்குக் கீழே இழுத்த சிவப்புக் கோடும் எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்தன. மேசையில் கிடந்த ஓட்டை போடும் கருவியில் என் தாளைக் கொடுத்து அழுத்தினேன். அந்தப் பக்கத்துக்கு நேர் மேலே வைத்து, பைலின் பச்சைக் கயிற்றை ஓட்டையில் நுழைத்து, ஒரு முடிச்சுப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். இன்னொரு முடிச்சும் போட்டேன்.